கதைக்கிற அளவுக்கு மூச்சு

லியோன் இறந்த அன்று சிசிலியா அழவில்லை. அடக்கத்தன்றும் அழவில்லை. குருநகரில் இதெல்லாம் ஒருவர் கண்ணிலும் படாமல் போகாது. ஆறு வருடம் படுக்கையில் கிடந்த மனுசனைப் பராமரித்த களைப்பு என்று சிலர் சொன்னார்கள். லியோனின் தமக்கை பெர்னடெட் மட்டும் ஒன்றும் சொல்லாமல், சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று, தம்பி பெண்சாதி அழாத அழுகையையும் சேர்த்துத் தானே அழுதாள்.

லியோன் வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். ஒருநாள் கரையில் இயந்திரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கையிலிருந்த மரை கழற்றும் சாவி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பாரிசவாதம். உடம்பின் வலப்பக்கமும் பேச்சும் போயின. அன்றிலிருந்து அவரைப் புரட்டுவது, துடைப்பது, கஞ்சி பருக்குவது, பின்னேரம் நாலு மணிக்குச் சுடுதண்ணீர் வைத்து மேல் கழுவிவிடுவது எல்லாம் சிசிலியாதான். ஒரே மகள் லவீனா கலியாணம் முடித்துக் கனடா போய்விட்டாள். எதிர்வீட்டில் இருந்த பெர்னடெட் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது வாசலில் நின்று, "எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அடக்கம் முடிந்த கிழமையே, கோவிலிலிருந்து இரவலாகத் தந்திருந்த இரும்புக் கட்டிலை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அறை பெரிதாகிவிட்டது. ஆனாலும் யன்னலைச் சாத்தப் போகும்போது சிசிலியா நேராகப் போகமாட்டாள். கட்டில் கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரங்களில் கண் தானாக விழித்துக்கொள்ளும். விழித்தபடி கிடப்பாள். அதைக் கவலை என்று சொல்ல முடியாது. பல்லுக் கழற்ற ஊசி போட்ட கன்னத்தைப் போல இருந்தது. தன்னுடையதுதான், தொட்டால் தெரியவில்லை.

சமைப்பதையும் விட்டுவிட்டாள். காலையில் கடையில் வாங்கிய பாண், மத்தியானம் மிச்சப் பாண், இரவில் தேத்தண்ணி. அப்படியிருந்தும் உடம்பு ஊதியது. முழங்கால் இரண்டும் நொந்தன. தண்ணீர் வாளியைக் குழாயடியிலிருந்து குசினிக்குக் கொண்டு வருவதற்குள் இரண்டு தரம் கீழே வைக்கவேண்டியிருந்தது.

மாதாந்தக் கிளினிக்கில் தாதி வசந்தினி கையில் பட்டியைச் சுற்றி இரத்த அமுக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"அன்ரி, குளிசை ஒழுங்காப் போடுறியளோ?"

"ஓம்."

"அப்ப பிறஷர் ஏன் இறங்குதில்லை? நடக்கிறனீங்களோ?"

"எங்கை நடக்கிறது?"

"றோட்டிலைதான்."

"துக்கத்துக்குப் போட்ட கறுப்புச் சட்டையோடை சும்மா றோட்டிலை நடந்தால் சனம் எங்கை போறாய் எண்டு கேக்கும். நான் என்னத்தைச் சொல்லுறது?"

வசந்தினி பட்டியைக் கழற்றிச் சுருட்டினாள். "அப்ப மண்டபத்துக்கு வாங்கோ. கிழமையிலை மூண்டு நாள் பொம்பிளையளுக்கு உடற்பயிற்சி நடக்குது. பாட்டுப் போட்டு ஆடுறது."

"ஆடுறதோ?"

"உடற்பயிற்சி அன்ரி. ஆட்டமெண்டு நினைக்காதேங்கோ. பின்னேரம் நாலு மணிக்கு."

சிசிலியா மறுத்துத்தான் இருப்பாள். நாலு மணி என்றதால் மறுக்கவில்லை. அந்த நேரம் வந்தால் அவள் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தன. சுடுதண்ணீர் வைக்கத் தேவையில்லை என்று ஒவ்வொரு நாளும் புதிதாக நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

*

மண்டபம் கடற்கரை வீதியில் இருந்தது. முன்பு வலைச் சங்கத்துக்குச் சொந்தமாயிருந்த கட்டடம். பழைய வலையின் மணம் சுவரில் இன்னும் இருந்தது. மீன் வெட்டுகிற பெண்கள், தையல் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை என்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். பழக்குகிறவள் தர்சிகா. கோப்பாய்ப் பிள்ளை, விளையாட்டுத்துறையில் படித்தவள், ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். நெற்றியில் திருநீறும் காலில் வெள்ளைச் சப்பாத்துமாக நின்று, ஒலிபெருக்கியை யன்னலில் வைத்து பைலா மெட்டு ஒன்றைப் போட்டாள்.

குருநகரில் கலியாண வீடுகளில் பைலாவுக்கு ஆடாத கால் இல்லை. லியோனும் நன்றாக ஆடுவார். சிசிலியா அந்த மெட்டைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தனக்கு ஏதாவது வரும் என்று காத்தாள். ஒன்றும் வரவில்லை. வெறும் பாட்டாக இருந்தது.

"முழங்காலை விறைப்பா வைச்சுக்கொண்டு ஆடாதேங்கோ," என்று தர்சிகா சத்தம் வைத்தாள். "மடக்குங்கோ. விறைச்ச காலோடை ஆடினால் பாரம் மூட்டிலை விழும். மடக்கினால் தசை தாங்கும். தசை உரம் வைச்சால் மூட்டு நோவும் குறையும்."

சிசிலியாவுக்கு அது விளங்கியது. லியோனைத் தூக்கிய நாட்களில் அவள் ஒருநாளும் முழங்காலை மடக்கவில்லை. முதுகாலேயே தூக்கியிருக்கிறாள். மடக்கினாள். இடம், வலம், இரண்டு அடி பின்னுக்கு, கைதட்டு. சொன்னதைச் செய்தாள்.

தர்சிகா ஆடிக்கொண்டே வரிசைகளுக்கு நடுவில் வந்தாள். இன்னொரு விதியும் சொன்னாள். ஆடும்போது மூச்சு வாங்கவேண்டும், ஆனால் கதைக்க முடியவேண்டும். பாட முடிந்தால் ஆட்டம் போதாது. கதைக்க முடியாவிட்டால் ஆட்டம் கூடிப்போய்விட்டது, குறைக்கவேண்டும். அதனால் எல்லாரும் இடைக்கிடை கதைக்கவேண்டும். பெண்களுக்கு இந்த விதி மிகவும் பிடித்திருந்தது. மீன் விலையிலிருந்து மாமியார்வரை எல்லாக் கதையும் தாளத்தோடு நடந்தது.

"சிசிலியா அன்ரி, உங்கடை சத்தத்தைக் காணேல்லை. கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"இண்டைக்கு என்ன கறி?"

"சமைக்கேல்லை."

"அப்ப என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பாண்."

"பாணோடை?"

"பாண்தான்."

தர்சிகா மேலே கேட்கவில்லை. அடுத்த வகுப்பிலும் அதே கேள்வியைக் கேட்டாள். அதற்கடுத்த வகுப்பிலும் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே சிசிலியா ஒருநாள் சொதி வைத்தாள்.

"இண்டைக்குச் சொதி," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

"என்ன மீன் போட்டனீங்கள்?"

"விளைமீன்."

பக்கத்தில் ஆடிய பெண், "தேசிக்காய்ப் புளி விட்டனியோ?" என்று கேட்டாள். சிசிலியா ஓம் என்றாள்.

உடம்பு மாறத்தான் செய்தது. முதல் இரண்டு கிழமை தொடையும் கெண்டைக்காலும் தடியால் அடித்ததுபோல நொந்தன. பிறகு அந்த நோவு போயிற்று, முழங்கால் நோவும் மெல்ல மெல்ல அதன் பின்னால் போயிற்று. வாளியைக் கீழே வைக்காமல் குசினிவரை கொண்டு வந்தாள். கோவில் படிகளில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினாள். ஆடிய நாட்களில் ஒரே உறக்கமாக விடியும்வரை கிடந்தாள். கிளினிக்கில் வசந்தினி அமுக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். டொக்டர் குளிசையைப் பாதியாக்கினார்.

உள்ளுக்குள் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. சந்தோசமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. நாலு மணிக்குப் போனாள், வந்தாள்.

*

கறுப்புச் சட்டை போட்டு ஆறு மாதம் நிறையவில்லை. யாரோ மண்டப யன்னலால் கைத்தொலைபேசியில் வகுப்பை வீடியோப் படம் எடுத்து இணையத்தில் விட்டார்கள். அது குருநகரைச் சுற்றி, கடல் தாண்டிப்போய், லவீனாவிடமும் சேர்ந்தது. லவீனா அழைத்தாள்.

"அம்மா, உது நீங்களோ?"

"ஓம்."

"அப்பா செத்து ஒரு வருசம்கூட ஆகேல்லை அம்மா. இஞ்சை ஆக்கள் எனக்கு அனுப்பிக் கேக்கினம்."

"என்ன கேக்கினம்?"

"கொம்மாவுக்கு என்ன நடந்ததெண்டு." லவீனாவின் குரல் தணிந்தது. "உங்களுக்கு அது சந்தோசமா இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் போறியள்?"

"போனால் நித்திரை வருது."

லவீனா, "சாப்பிட்டியளோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

சிசிலியா அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தாள். மற்றப் பெண்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு, தாளத்தைத் தவறவிட்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஆடினார்கள். நடுவில் ஒரு கறுப்புச் சட்டைக்காரி. அவள் கால் ஒரு தாளமும் பிழைக்கவில்லை. கை நேரத்துக்குத் தட்டியது. முகம் மட்டும் வங்கி வரிசையில் நிற்கிறவளின் முகமாக இருந்தது. இப்படியா இருக்கிறேன் என்று பார்த்தாள். அவளைப் பார்த்துப் பாவமாகவும் இருக்கவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த வகுப்பன்று பெர்னடெட் மண்டபத்துக்கே வந்துவிட்டாள். சிசிலியாவைவிடப் பத்து வயது மூத்தவள், பாரமான உடம்பு. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"வாங்கோ அம்மா, உள்ளுக்கு வாங்கோ," என்றாள் தர்சிகா.

"நான் உங்கடை கண்டறியாத ஆட்டத்துக்கு வரேல்லை. உவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். சிசிலி, வா வெளியிலை!"

பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். சிசிலியா நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கோ மச்சாள்," என்றாள். "சட்டெண்டு நிக்கக்கூடாது. தலை சுத்தும். மூச்சு இறங்கட்டும்."

அவள் முரண்டு பிடிக்கவில்லை. அப்படித்தான் படிப்பித்திருந்தார்கள், அதைத்தான் சொன்னாள். தர்சிகா பாட்டை மாற்றி மெதுவான ஒன்றைப் போட்டாள். எல்லாரும் கையை உயர்த்தி இறக்கி, காலை நீட்டி மடக்கி, ஆறுதலாக முடிக்கும்வரை பெர்னடெட் வாசலிலேயே காத்து நின்றாள்.

இருவரும் கடற்கரை வீதியால் நடந்தார்கள். பெர்னடெட் தொடங்கினாள்.

"எங்கடை குடும்பத்திலை இப்பிடி ஒருத்தியும்... சனம் முகத்திலை முழிக்க... பங்குச் சுவாமியிட்டைச் சொல்லி..."

ஒரு வசனமும் முடியவில்லை. மதிலில் கையை ஊன்றி நின்றாள். உதடு வெளிறியிருந்தது. கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் புதைந்து கிடந்தது.

"மச்சாள், உங்களுக்கு எவ்வளவு காலமா இப்பிடி மூச்சு வாங்குது?"

"அதை விடு. உனக்குத் துக்கமே இல்லையோ? நான் எத்தினை நாள் அழுதிட்டன். நீ கல்லு மாதிரி நிக்கிறாய்."

"எனக்கு அழுகை வரேல்லை. வந்தால் அழுவன். நான் ஒண்டையும் ஒளிச்சு வைக்கேல்லை."

பெர்னடெட் கடலைப் பார்த்தாள். "நான் ஏன் உள்ளுக்கு வந்து பாக்கேல்லை எண்டு நினைக்கிறாய்? என்னைக் கண்டால் அவன் அழுவான் எண்டு பயம். அதுதான் வாசல்லை நிண்டிட்டுப் போறனான்."

"ஓம், அழுறவர்தான்," என்றாள் சிசிலியா. "நீங்கள் போன பிறகு அழுவார்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், சொதி வைத்தேன் என்று சொன்ன அதே குரலில். பெர்னடெட்டின் முகம் ஒடுங்கியது. மதிலைப் பிடித்துப் பிடித்து வீடுவரை நடந்தாள்.

மறுநாள் காலையில் சிசிலியா ஓட்டோ ஒன்றைக் கூப்பிட்டு, எதிர்வீட்டு வாசலில் நிறுத்தி, பெர்னடெட்டை ஏற்றினாள். நடக்கும்போது கதைக்க மூச்சு இல்லாவிட்டால் டொக்டரிடம் காட்டவேண்டும் என்று தர்சிகா பல தரம் சொல்லியிருந்தாள். கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். சீனி கூடியிருந்தது, அமுக்கமும் கூடியிருந்தது. இதயத்துக்கு இன்னும் பெரிய பிழை இல்லை, இப்படியே விட்டால் வரும் என்றார் டொக்டர். குளிசை எழுதினார். உடம்பை அசைக்கவேண்டும் என்றார்.

வசந்தினி பெர்னடெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "கதிரையிலை இருந்துகொண்டே செய்யலாம் அம்மா. மண்டபத்துக்குப் போங்கோ," என்றாள்.

"நான் செத்தாலும் ஆடமாட்டன்," என்றாள் பெர்னடெட்.

இரண்டு கிழமை கழித்து மண்டபத்துக்கு வந்தாள். உள்ளே என்ன கூத்து நடக்கிறது என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னாள். சுவரோரக் கதிரையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பைலா தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் குடை நிலத்துக்குப் போனது. அவளுடைய குதிக்கால் தாளம் போடுவதை ஓய்வுபெற்ற ஆசிரியை கண்டு, தர்சிகாவுக்குக் கண்ணைக் காட்டினாள். தர்சிகா காணாதவள்போல அந்தப் பக்கம் திரும்பி, கதிரையில் இருப்பவர்கள் செய்யக்கூடிய கை அசைவுகளைக் காட்டத் தொடங்கினாள்.

மழைக்காலம் வருமுன் பெர்னடெட் எழும்பி நின்று ஆடினாள். கணுக்கால் வீக்கம் வடிந்தது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கதைத்ததும் அவள்தான்.

*

லியோனின் ஆண்டுத் திருப்பலிக்கு ஒழுங்கு செய்துவிட்டு, சிசிலியா ஒருநாள் வகுப்புக்குப் பிந்தி வந்தாள். மண்டபத்தில் வேலை செய்கிற மின்விசிறி ஒன்றே ஒன்றுதான். அதன் நேர் கீழே அவள்தான் நிற்பது வழக்கம். அன்று அங்கே பெர்னடெட் நின்றாள்.

சிசிலியா போய்ப் பக்கத்தில் நின்றாள். பெர்னடெட் நகரவில்லை. கையை வீசி ஆடினாள்.

"அது என்ரை இடம் மச்சாள்."

"ஏன், உன்ரை பேர் எழுதிக் கிடக்கோ?"

"நான்தான் அதிலை நிக்கிறனான். தள்ளி நில்லுங்கோ."

"ஒரு நாளைக்கு நான் நிண்டால் என்ன?"

சிசிலியாவுக்குக் காது சுட்டது. அது கழுத்துக்கு இறங்கி, நெஞ்சுக்குள் போனது. என்ன நடக்கிறதென்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை. "தள்ளி நில்லுங்கோ எண்டு சொல்லுறன்!" என்று கத்தினாள். அந்தக் குரலை மண்டபத்தில் யாரும் முன்பு கேட்டதில்லை. தர்சிகா பாட்டைத் தணித்தாள்.

பெர்னடெட் அவளை உற்றுப் பார்த்தாள். "உனக்குக் கோபம் வருது," என்றாள் மெதுவாக.

"ஓம், வருது!"

பெர்னடெட் அரை அடி தள்ளி நின்றாள். மிச்ச நேரம் இருவரும் ஒரே விசிறியின் கீழ், முழங்கை இடிபட ஆடினார்கள். சிசிலியாவின் கால் அன்றுதான் முதல் தடவையாகத் தாளம் பிழைத்தது.

வகுப்பு முடிந்ததும் அவள் விறுவிறென்று முன்னே நடந்தாள். பெர்னடெட் பின்னால் வந்தாள். வலை காயப்போட்டிருந்த இடத்தில் சிசிலியா சட்டென்று திரும்பினாள்.

"ஆறு வருசம்! ஒருநாள் வந்து மற்றப் பக்கத்தாலை ஒரு கை பிடிச்சிருக்கலாம். ஒரேயொரு நாள்! என்ரை முதுகு முறிஞ்சு போச்சு. வாசல்லை நிண்டு எப்பிடி இருக்கிறான் எண்டு கேட்டால் அவருக்குச் சுகம் வருமோ? எனக்கு ஆர் இருந்தது?"

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். பெர்னடெட் நடுவீதியில் நின்றாள். அழவில்லை, சாக்கும் சொல்லவில்லை.

"ஓம்," என்றாள். "வந்திருக்கலாம்."

"ஏன் வரேல்லை?"

"சொன்னனே, பயம். வேறை ஒண்டும் இல்லை. என்னை ஏசு, நீ ஏசத்தான் வேணும்."

சிசிலியா திரும்பி வீட்டுக்கு நடந்தாள். கதவை அடித்துச் சாத்தினாள். அரிசியைக் கழுவி உலையில் போட்டாள், மீனை வெட்டினாள், வெங்காயத்தை வெட்டினாள். குழம்பு கொதிக்கும்வரை பொறுக்க முடியாத அளவுக்குப் பசித்தது. சட்டியோடு வைத்துச் சாப்பிட்டாள். சாப்பிடும்போதும் கோபம் இருந்தது. இரவு ஜெபத்திலும் இருந்தது. காலையில் எழும்பி முகம் கழுவும்போது இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

அடுத்த வகுப்பு நாளில் பெர்னடெட் எதிர்வீட்டுப் படலையடியில் வந்து நின்றாள். தன் மகன் அனுப்பிய புதுச் சப்பாத்தைப் போட்டிருந்தாள்.

"சிசிலி, வாறியோ?"

சிசிலியா கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாறன். நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ. இண்டைக்கு உங்களோடை ஒரு கதையும் கதைக்கமாட்டன்."

"சரி," என்றுவிட்டுப் பெர்னடெட் முன்னே நடந்தாள். சிசிலியா கொஞ்சம் இடைவெளி விட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பின்னால் போனாள்.